காற்றாலை, சோலார் திட்டங்கள் எப்படி உருவாகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம் வைத்திருப்பவர்கள், மில் நடத்துபவர்கள், புதிதாக இந்தத் துறைக்கு வரும் பொறியாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வீட்டு மொட்டைமாடி சோலார் வேறு சமாச்சாரம்; அது இங்கே இல்லை. மின்கட்டமைப்பில் நேரடியாக இணையும், ஒரு மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து.

திட்டத்தை ‘டெவலப்’ செய்வது என்றால் என்ன? ஆலை கட்டுவதுதானே?

இல்லை. கட்டுவது கடைசியில் வரும் வேலை, அதுவும் சீக்கிரம் முடிகிற வேலை. நிலமும் லைனும் தயாராக இருந்தால் 50 மெகாவாட் சோலார் ஆலையை ஓர் ஆண்டுக்குள் எழுப்பிவிடலாம். அந்த நிலைக்கு வந்து சேரத்தான் இரண்டு, மூன்று ஆண்டுகள் போகின்றன. இடம், அங்கே கிடைக்கும் காற்று அல்லது வெயிலின் கணக்கு, நிலத்தின் பத்திரம், மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் லைன், அதை வாங்க ஒருவர், கட்டக் கடன் தரும் வங்கி. இந்த ஆறும் ஒரே நேரத்தில் கைகூட வேண்டும். ஒன்று மட்டும் இல்லையென்றால் மற்ற ஐந்தும் காகிதமாகவே கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் காலாவதியும் உண்டு: நிலம் பதிவாகி முடிவதற்குள் லைன் அனுமதி காலாவதியாவது சர்வசாதாரணம்.

மின்சாரம் தயாரிக்க லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 7-வது பிரிவு மின் உற்பத்தியை லைசென்ஸிலிருந்து விடுவித்துவிட்டது. தயாரிப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். கட்டமைப்பில் இணைப்பதற்கும், அடுத்தவர் லைன் வழியாக அனுப்புவதற்கும், விற்பதற்கும்தான் படிப்படியாக அனுமதி.

தமிழ்நாட்டில் நல்ல காற்று எங்கே கிடைக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய்களில் நெருக்கப்பட்டு, வேகம் கூடி இந்தப் பக்கம் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல், செங்கோட்டைக் கணவாயில் தென்காசி, கம்பம் கணவாயில் தேனி, பாலக்காட்டுக் கணவாயில் உடுமலை, பல்லடம். இந்த நான்கும்தான் தமிழ்நாட்டின் காற்றாலை வரைபடம். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முன்மாதிரியாகத் தொடங்கியது, இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது.

இங்கே ஒரு சிக்கல். காற்று ஆண்டு முழுக்க அடிப்பதில்லை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் ‘சீசன்’. ஆண்டு உற்பத்தியின் பெரும்பங்கு இந்த மாதங்களிலேயே வந்துவிடுகிறது. கீழே வரும் பேங்கிங், பேக்-டவுன் இரண்டும் இதிலிருந்து முளைத்த பிரச்சினைகள்தான்.

பக்கத்து ஊரில் காற்றாலை நன்றாக ஓடுகிறது. எங்கள் இடத்தில் தனியாக அளக்க வேண்டுமா?

கட்டாயம் அளக்க வேண்டும். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப கூடுகிறது. நொடிக்கு 6 மீட்டர் என்பது 7 மீட்டரானால் வேகம் 17 சதவீதம்தான் கூடுகிறது. ஆற்றலோ 59 சதவீதம் கூடுகிறது. அதாவது வேகக் கணிப்பில் சின்னதாகத் தவறினாலும் வருமானக் கணக்கு ஆட்டம் காணும். நடுவில் ஒரு குன்று, ஒரு தென்னந்தோப்பு இருந்தாலே காற்று மாறிவிடும்.

அதனால் உயரமான கம்பம் நட்டு, குறைந்தது ஓர் ஆண்டு முழுக்க, பல உயரங்களில் அளக்கிறார்கள். அந்த ஓராண்டுத் தரவை நீண்டகாலத் தரவோடு ஒப்பிட்டு, அந்த ஆண்டு சராசரியானதா, அதிர்ஷ்டமானதா என்று பார்ப்பார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுக்க இப்படி அளந்து வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்க அந்த வரைபடம் போதும். கடன் வாங்கப் போதாது.

உற்பத்திக் கணிப்பு அறிக்கையில் பி-50, பி-90 என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பி-50 என்றால் அந்த அளவை எட்டுவதற்குச் சரிபாதி வாய்ப்பு. பி-90 என்றால் அந்த அளவாவது கிடைக்க 90 சதவீத வாய்ப்பு. பி-50 கணிப்பு ஆண்டுக்கு 100 லட்சம் யூனிட், கணிப்பின் நிச்சயமின்மை 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி-90 சுமார் 85 லட்சத்துக்கு இறங்கிவிடும். விற்பவர் காட்டுவது 100. வங்கி பார்ப்பது 85. உங்கள் கையில் ஒரே ஓர் எண் மட்டும் கொடுத்தால், அது இரண்டில் எது என்று கேளுங்கள். பதில் வர நேரமானாலே பாதி புரிந்துவிடும்.

10 மெகாவாட் ஆலை என்றால் தினமும் எத்தனை யூனிட்?

மெகாவாட் என்பது ஆலையின் திறன். யூனிட் என்பது அது தயாரித்த மின்சாரம். ஒரு மெகாவாட் ஆலை ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்கும். அப்படி எந்த ஆலையும் ஓடாது. உண்மையில் கிடைப்பது அதில் எத்தனை சதவீதம் என்பதைத்தான் சியுஎஃப் என்கிறார்கள். தமிழ்நாட்டுச் சோலாருக்கு 19 சதவீதம் என்று வைத்தால் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 16.6 லட்சம் யூனிட். 10 மெகாவாட்டுக்கு நாள் சராசரி சுமார் 45,000 யூனிட். நல்ல இடத்தில் நிற்கும் புதிய காற்றாலை 30 சதவீதத்தைத் தாண்டும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பேனலின் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்ற ஏசி மின்சாரமாக மாற்றும் கருவி இன்வெர்ட்டர். அதன் திறனைவிட 30, 40 சதவீதம் கூடுதலாகப் பேனல் போடுவார்கள். உச்சிவெயிலில் கொஞ்சம் வீணாகும், ஆனால் காலையிலும் மாலையிலும் லைன் நிறைந்து ஓடும். சோலாருக்கு 25 சதவீதத்துக்கு மேல் சியுஎஃப் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது பேனல் திறனையும் இன்வெர்ட்டர் திறனையும் தனித்தனியாக வாங்கிப் பார்க்காவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

என்னிடம் 12 ஏக்கர் தரிசு நிலம் இருக்கிறது. சோலார் போட முடியுமா?

ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் பிடிக்கும். அந்தக் கணக்கில் உங்கள் நிலத்தில் இரண்டரை, மூன்று மெகாவாட் போடலாம். ஆனால் நிலத்தின் பரப்பைவிட முக்கியமான கேள்வி, பக்கத்துச் சப்ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, உங்கள் மின்சாரத்தையும் ஏற்க அதில் இடம் இருக்கிறதா என்பது. மூன்று மெகாவாட்டுக்காகப் பத்து கிலோமீட்டர் லைன் இழுத்தால் கட்டுப்படியாகாது. 100 மெகாவாட்டுக்கு அதே தூரம் பொருட்டே இல்லை.

மண் சமமாக இருக்கிறதா, ஓடை குறுக்கே போகிறதா, மழையில் தண்ணீர் நிற்குமா, பேனல் கழுவத் தண்ணீர் உண்டா என்பதெல்லாம் அடுத்து. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் சீமைக்கருவேலம் மண்டிய வறண்ட நிலங்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது இதனால்தான். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் ஆலை சுமார் 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. ஒரே இடத்தில் அமைந்த ஆலைகளில் அப்போது உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது.

நிலப் பத்திரத்தில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? பட்டா இருந்தால் போதாதா?

போதாது. என் கணிப்பில் தமிழ்நாட்டுத் திட்டங்கள் தாமதமாவதற்கு முதல் காரணம் இதுதான். 2,500 ஏக்கர் என்பது ஒருவரிடமிருந்து வாங்கும் நிலமில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள், ஒவ்வொரு குடும்பத்திலும் பாகம் பிரிக்காத பங்காளிகள், அதில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் இறந்துபோய் வாரிசுச் சான்றிதழ் வாங்காமல்.

வழக்கறிஞர் கேட்பது: முப்பது ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு), புல வரைபடம். இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பார்கள். பத்திரத்தில் மூன்று ஏக்கர் என்றிருக்கும், பட்டாவில் இரண்டு ஏக்கர் எழுபது சென்ட். பட்டாவில் தாத்தா பெயர், பத்திரத்தில் பேரன் பெயர், நடுவில் ஒரு தலைமுறைக்கு ஆவணமே இருக்காது. வருவாய்த் துறைப் பதிவும் பதிவுத் துறைப் பதிவும் ஒன்றுபோல இருக்கும் கிராமம் அபூர்வம்.

அப்புறம் தொடவே கூடாத நிலங்கள். பஞ்சமி நிலம்: ஆங்கிலேயர் காலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது, மற்றவர்களுக்கு விற்றால் செல்லாது. பூமிதான நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம். ஓடை, கண்மாய், வண்டிப்பாதைப் புறம்போக்கு. இவற்றில் சில இன்றைய பட்டாவில் தனியார் பெயரில்கூட வந்திருக்கும். பழைய அ-பதிவேட்டைத் தோண்டினால்தான் வெளியே வரும். ‘எல்லாம் கிளியர்’ என்று புரோக்கர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கொடுத்துவிட்டு, பத்தாண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய பரப்பு என்றால் 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டமும் குறுக்கே வரும். அந்த வரம்பைத் தாண்டி ஒரு நிறுவனம் நிலம் வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும். கோப்பு நகர நேரமாகும். காலக்கெடுவில் அதைச் சேர்க்காதவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

விற்பது நல்லதா, குத்தகைக்கு விடுவது நல்லதா?

விவசாயம் பார்க்க ஆளில்லாத, வேறு அவசரச் செலவும் இல்லாத குடும்பத்துக்குக் குத்தகை நல்லது என்பேன். 25 முதல் 30 ஆண்டு வருமானம், நிலமும் கையில். ஆனால் ஒப்பந்தத்தில் சிலவற்றை விடாதீர்கள்: வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் ஏறும், திட்டம் வராமல் போனால் நிலம் எப்போது விடுபடும், கம்பெனி தன் குத்தகை உரிமையை வங்கியில் அடமானம் வைக்கும்போது உங்கள் நிலமும் சேர்ந்து மாட்டுமா, முடிவில் கான்கிரீட்டையும் கம்பங்களையும் யார் அகற்றுவது. பதிவு செய்யாத நீண்டகாலக் குத்தகைக்கு மதிப்பில்லை. பதிவுச் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுதிவிடுங்கள்.

காற்றாலைக்கு நிலைமை வேறு. ஒரு காற்றாலை நிற்க இரண்டு, மூன்று ஏக்கர் போதும், சுற்றிலும் உழலாம், ஆடு மேய்க்கலாம். அங்கே சண்டை பெரும்பாலும் பாதைக்காகத்தான். 60, 70 மீட்டர் நீள இறக்கையை ஏற்றிவரும் லாரி திரும்ப யாரோ ஒருவர் வேலியைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

லைன், சப்ஸ்டேஷன் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

தயாரித்த மின்சாரம் போக வழியில்லையென்றால் ஆலை வெறும் இரும்பு. சின்னத் திட்டம் 11 அல்லது 22 கிலோவோல்ட்டில் இணையும். நடுத்தரம் 33-ல் திரட்டி 110-க்கு ஏற்றும். பெரியவை 230 அல்லது 400 கிலோவோல்ட். விண்ணப்பித்ததும் ‘லோட் ஃப்ளோ’ ஆய்வு செய்வார்கள்: இந்த ஆலை முழு வீச்சில் ஓடும்போது எந்த டிரான்ஸ்ஃபார்மர் திணறும், எந்த லைன் சூடேறும் என்று. ஆய்வின் முடிவில் ‘இடம் உண்டு’ என்று வரலாம், ‘இந்த லைனை நீங்கள் பலப்படுத்தினால் உண்டு’ என்றும் வரலாம். இரண்டாவது பதிலுக்குச் செலவு கோடிகளில்.

2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் தெற்கு மாவட்டங்களில் காற்றாலைகள் வேகமாக முளைத்தன, லைன் பின்தங்கியது. காற்று நன்றாக அடிக்கும் ஜூலையிலேயே நிறுத்தச் சொன்னார்கள். பிறகு கயத்தாறு, தேனிப் பக்கம் தப்பக்குண்டு, கோவைப் பக்கம் ராசிபாளையம் போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன்கள் வந்தபின் நிலைமை தேறியது. ஓர் ஆலை ஓராண்டில் எழும். அதற்கான 400 கிலோவோல்ட் லைன் எழ நான்கு, ஐந்து ஆண்டுகள். இந்த இடைவெளி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல, ராஜஸ்தானிலும் இன்று இதே கதைதான்.

மாநில லைனுக்குப் பதில் மத்தியக் கட்டமைப்பில் இணைந்து வெளிமாநிலத்துக்கு விற்கலாம். 2025 ஜூன் 30-க்குள் ஓடத் தொடங்கிய காற்றாலை, சோலார் ஆலைகளுக்கு அந்தக் கட்டமைப்பின் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. அதற்குப் பிறகு வருபவற்றுக்குச் சலுகை ஆண்டுதோறும் 25 சதவீதப் புள்ளி குறைகிறது. பழைய கணக்கை வைத்து இன்னும் விலை சொல்பவர்களிடம் கவனம்.

மின்சாரத்தை யாருக்கு விற்கலாம்?

மூன்று வழி. ஒன்று, ஏலத்தில் வென்று அரசு நிறுவனத்துக்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் விற்பது. இரண்டு, ‘ஓப்பன் ஆக்சஸ்’ மூலம், அதாவது மின்வாரியத்தின் லைன் வழியாக அனுப்பி, ஒரு தொழிற்சாலைக்கு நேரடியாக விற்பது. மூன்று, கேப்டிவ், அதாவது சொந்தப் பயன்பாடு. கோவை, திருப்பூர் மில்கள் காற்றாலையில் இறங்கியது மூன்றாவது வழியில். ஒரு பக்கம் வருமான வரியில் தேய்மானச் சலுகை, இன்னொரு பக்கம் 2008-க்குப் பின் வந்த கடும் மின்வெட்டு. இரண்டும் சேர்ந்து நூற்பாலைக்காரர்களைக் காற்றாலைக்காரர்களாக்கின.

கேப்டிவ் என்றால் 26, 51 என்று சொல்கிறார்களே?

2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 3-வது விதி. மின்சாரத்தைப் பயன்படுத்துபவர்கள் ஆலையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். பலர் சேர்ந்து போட்டால் (‘குரூப் கேப்டிவ்’) பங்கின் விகிதத்துக்கு ஏற்பப் பயன்பாடும் இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இந்த விகிதக் கணக்கை உறுதிசெய்தது.

ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு கேப்டிவ் ஆக வேண்டும்? பெரிய நுகர்வோர் வெளியே வாங்கப் போவதால் மின்வாரியம் இழக்கும் மானியப் பங்கை ஈடுகட்ட வசூலிப்பது குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம். அது கேப்டிவுக்கு இல்லை. மூன்றாம் தரப்பு விற்பனைக்கு உண்டு. பல நேரங்களில் திட்டத்தின் மொத்த லாபமே இந்த வித்தியாசம்தான். ஆண்டு முடிவில் 51 சதவீதக் கணக்கு தவறினால் அந்த ஆண்டு முழுவதற்கும் கட்டணம் பின்தேதியிட்டு வரும். பெயருக்குப் பங்கு கொடுத்து ‘குரூப் கேப்டிவ்’ நடத்துபவர்களிடம் சேரும் சின்ன மில்கள் இதை யோசிப்பதே இல்லை.

பேங்கிங் என்பது வங்கிக் கடனா?

இல்லை. ஜூலையில் உங்கள் காற்றாலை தயாரித்ததை உங்கள் மில் அன்றே முழுக்கப் பயன்படுத்த முடியாது. மிச்சத்தைக் கட்டமைப்பில் விட்டுவிட்டு டிசம்பரில் எடுத்துக்கொள்வதுதான் பேங்கிங். தமிழ்நாட்டில் பழைய காற்றாலைகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. விட்டுவைத்ததில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கழிப்பார்கள்; மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 உத்தரவில் அது 12-லிருந்து 14 சதவீதமானது.

மின்வாரியத் தரப்பின் வாதத்தையும் சொல்ல வேண்டும். சீசனில் எல்லாரும் கொட்டுவார்கள், அப்போது அந்த யூனிட்டுக்கு மதிப்புக் குறைவு. திருப்பிக் கேட்பதோ விலை உயர்ந்த மாதங்களில். அவர்களுக்கு நஷ்டம் என்பது பொய்யில்லை. அதனால்தான் போக்கு ஆண்டுக் கணக்கிலிருந்து மாதக் கணக்கை நோக்கி நகர்கிறது. 2022-ல் வந்த மத்திய அரசின் பசுமை ஓப்பன் ஆக்சஸ் விதிகளும் மாத அளவிலான பேங்கிங்கைத்தான் உறுதிசெய்கின்றன. புதிதாகக் காற்றாலை வாங்குபவர், பழைய முதலாளி அனுபவித்த பேங்கிங் தனக்கும் கிடைக்கும் என்று நினைத்துக் கணக்குப் போடக் கூடாது.

7 ரூபாய்க்கு விற்ற சோலார் மின்சாரம் 2 ரூபாய்க்கு எப்படி வந்தது?

கமுதி ஆலைக்கு யூனிட் 7.01 ரூபாய். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2.44-க்குப் போனது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. பேனல் விலை சரிந்தது முதல் காரணம். விலையை ஆணையம் நிர்ணயிக்கும் முறை போய் ஏலம் வந்தது இரண்டாவது. காற்றாலையிலும் 2017 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் 3.46 ரூபாய் வந்ததும் பழைய விலைகள் காணாமல் போயின.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: வட்டி. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கூடுதல் பேனலோடு ஒரு மெகாவாட்டுக்குச் செலவு 4.4 கோடி, ஆண்டுக்கு 24 லட்சம் யூனிட், விலை 2.50. வருமானம் 60 லட்சம், பராமரிப்பு போக 55. செலவில் 75 சதவீதம், அதாவது 3.3 கோடி கடன், 18 ஆண்டுத் தவணை. 9 சதவீத வட்டியில் முதலாண்டு வட்டியும் அசலும் சுமார் 48 லட்சம். 55-ஐ 48-ஆல் வகுத்தால் 1.15. வங்கி பொதுவாக எதிர்பார்ப்பது 1.2-க்கு மேல், கடன் கிடைக்காது. வட்டி 8 சதவீதமானால் கட்ட வேண்டியது 44.7 லட்சம், விகிதம் 1.23. கடன் கிடைக்கும். வெயிலும் பேனலும் நிலமும் அதேதான். வெளிநாட்டு நிதியும் குறைந்த வட்டியும் உள்ள பெரிய கம்பெனிகள் ஏலங்களை அள்ளுவதும், உள்ளூர்க்காரர்கள் கேப்டிவ் பக்கம் ஒதுங்கியதும் இதனால்தான்.

மின் கொள்முதல் ஒப்பந்தத்தில் எதை முதலில் படிக்க வேண்டும்?

விலையைக் கடைசியில் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது: பணம் எத்தனை நாளில் வரும், வராவிட்டால் என்ன ஜாமீன், வாங்க மறுத்தால் என்ன இழப்பீடு, சட்டம் மாறினால் கூடுதல் செலவு யார் தலையில். 2018 ஜூலையில் இறக்குமதிப் பேனல்களுக்குத் திடீரென்று 25 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தது. ஒப்பந்தத்தில் ‘சட்ட மாற்றம்’ பிரிவு தெளிவாக இருந்தவர்கள் பணத்தைக் கேட்டு வாங்கினார்கள், மற்றவர்கள் வழக்கு நடத்தினார்கள்.

பணம் தாமதமாவது இந்தத் துறையின் பழைய நோய். 2022-ல் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்து, பாக்கி வைக்கும் நிறுவனங்கள் வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்குவதையே கட்டுப்படுத்தியது. அதற்குப் பிறகு நிலைமை நிறையவே மாறியிருக்கிறது. இப்போதைய நோய் வேறு. ஏலத்தில் வென்றாலும் வாங்குபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. நாளைக்கு இன்னும் குறையும் என்று காத்திருக்கிறார்கள்.

‘பேக்-டவுன்’ என்று நிறுத்தச் சொன்னால் நஷ்டம் யாருக்கு?

சட்டப்படி காற்றாலை, சோலார் மின்சாரத்தை எப்போதும் ஓடவிட வேண்டும். கட்டமைப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம். ஆனால் ‘ஆபத்து’ என்ற சொல்லுக்குள் வணிகக் காரணங்களும் நுழைந்தன. விலை உயர்ந்த சோலாரை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் மலிவாக வாங்குவது போல. தமிழ்நாட்டுச் சோலார் உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதன்பின் நிதி அறிக்கைகளில் பேக்-டவுனுக்கென்று ஒரு சதவீதத்தைக் கழித்தே காட்டுகிறார்கள். காட்டாத அறிக்கை என்றால் கேளுங்கள்.

முன்கணிப்பு தர வேண்டும் என்கிறார்களே?

ஒரு நாளை 15 நிமிடமாக 96 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தயாரிப்பீர்கள் என்று முந்தைய நாளே சொல்ல வேண்டும். அனுமதித்த அளவைத் தாண்டித் தவறினால் அபராதம். தனி ஆலையாகக் கணித்தால் அடிக்கடி தவறும். பல ஆலைகளைச் சேர்த்துக் கணித்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டும். அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன.

சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லைதானே? அப்புறம் ஏன் மக்கள் எதிர்க்கிறார்கள்?

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் காற்றாலைக்கும் சோலாருக்கும் முன் அனுமதி தேவையில்லை. காகிதத்தில் அது வசதி. களத்தில் அதுவே வினையாகிறது. மக்கள் கருத்துக் கேட்பு நடத்தும் கட்டாயமில்லாததால், ஊருக்கு விஷயமே கம்பிவேலி போடும்போதுதான் தெரியவருகிறது. மேய்ச்சல் நிலம் அடைபட்டால், ஓடை திசை மாறினால் கோபம் வரத்தான் செய்யும்.

நமக்கு எதிரே, இலங்கையின் மன்னார்த் தீவைப் பாருங்கள். அங்கே இலங்கை மின்சார சபை ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் 30 காற்றாலைகளை 2020 கடைசியில் இயக்கத் தொடங்கியது. அடுத்தடுத்த கட்டங்கள் வந்தபோது மன்னார் மக்கள் எதிர்த்தார்கள். வலசைப் பறவைகளின் வழி, மழைநீர் வடியாமல் வெள்ளம், மீன்பிடிப்பு பற்றிய அச்சம் என்று பல காரணங்கள். அதே பகுதியில் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் போடவிருந்த அதானி குழுமம், யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலையைப் புதிய அரசு குறைக்க முயன்ற நிலையில், 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. நல்ல காற்று இருந்தது, பணம் இருந்தது. ஊரின் சம்மதமும் அரசியல் ஒப்புதலும் இல்லை. சட்டம் கேட்காவிட்டாலும் பறவை ஆய்வும் வெள்ள வடிகால் ஆய்வும் செய்து ஊரில் உட்கார்ந்து பேசுவதற்கு ஆகும் செலவு, மொத்தத்தில் சில்லறை.

எங்களிடம் 1990-களில் போட்ட 250 கிலோவாட் காற்றாலைகள் இருக்கின்றன. மாற்றலாமா?

தமிழ்நாட்டின் சிறந்த காற்று வீசும் இடங்களை இன்னும் அடைத்துக்கொண்டிருப்பவை இந்தக் குட்டிக் காற்றாலைகள்தான். 30, 50 மீட்டர் கோபுரங்கள். அங்கேயே 120, 140 மீட்டரில் பெரியதைப் போட்டால் பல மடங்கு மின்சாரம் வரும். இதைத்தான் ரீபவரிங் என்கிறார்கள். 2024-ல் தமிழ்நாடு இதற்கென்று ஒரு கொள்கையும் கொண்டுவந்தது.

நடைமுறையில் ஏன் மெதுவாகப் போகிறது? உங்கள் நாலு காற்றாலையின் நிலம் பெரிய காற்றாலையின் இடைவெளி விதிக்குப் போதாது. பக்கத்துக்காரரின் மூன்றும் வேண்டும். அவருக்குப் பழைய பேங்கிங் சலுகை போய்விடுமோ என்ற பயம். கடனில்லாத பழைய எந்திரம் கொஞ்சமாவது சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. பழைய லைனும் கூடுதல் திறனைத் தாங்காது. ஐந்தாறு உரிமையாளர்கள் ஒரே கம்பெனியாகச் சேர்ந்தால் நடக்கும்; சேர்வதுதான் கடினம்.

இனிமேல் பேட்டரி இல்லாமல் சோலார் போட்டால் பிரயோஜனம் உண்டா?

பகலில் தேவை உள்ள தொழிற்சாலைக்கு இன்றும் உண்டு. அரசுக்கு விற்க நினைத்தால் பதில் மாறுகிறது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தட்டுப்பாடு வருவது மாலை ஆறு மணிக்கு மேல். அப்போது சோலார் பூஜ்யம். அதனால் ஏலங்களே மாறிவிட்டன: சோலாரோடு பேட்டரி, காற்றாலையோடு சோலார், மாலையில் இத்தனை மணி நேரம் தந்தே ஆக வேண்டும் என்று. நீலகிரியில் குந்தா நீரேற்று மின்நிலையம், 500 மெகாவாட், கட்டுவதும் இதே காரணத்துக்குத்தான்: மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். காற்றும் சோலாரும் சேர்ந்த கலப்புத் திட்டம் தமிழ்நாட்டுக்கு இயல்பாகவே பொருந்தும். நம் சீசன் காற்று மாலையிலும் இரவிலும் நன்றாகவே வீசும். ஒரே லைனை இரண்டும் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒரு ஏஜென்ட், ‘சப்ஸ்டேஷனில் 20 மெகாவாட் இடம் வாங்கித் தருகிறேன், நிலமும் ரெடி’ என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

அனுமதிக் கடிதத்தின் நகல் கேளுங்கள். அது யார் பெயரில், எந்தத் தேதி வரை, வேறு பெயருக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். விண்ணப்ப ரசீதைக் காட்டி அனுமதி என்று சொல்வதுதான் இங்கே அதிகம் நடப்பது. நிலத்துக்குச் சர்வே எண் பட்டியல் வாங்கி, நீங்களே இணையத்தில் பட்டாவும் வில்லங்கமும் எடுத்துப் பாருங்கள். ஒரு மத்தியான நேரம் போதும். பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் பேசுகிறார் என்றால், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அது ரத்தாகவில்லையா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும் பணத்தை ஒரே தவணையில் கொடுக்காமல், நிலம் பதிவானதும் ஒரு பங்கு, லைன் அனுமதி உங்கள் பெயருக்கு வந்ததும் ஒரு பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள்.